கோப்பை வெல்லாத குருகுலம்

சீனாவின் எல்ஜிடி அணி இரண்டு முறை உலக ஃபைனல் ஆடியது. நான்கு முறை 3-வது இடம் பிடித்தது. சாம்பியன் பட்டம் மட்டும் கிடைக்கவே இல்லை. ஆண்டுதோறும் ஆள் மாற்றிக்கொண்டே இருந்த ஓர் இ-ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கதை, சீன டோட்டாவின் ஏற்ற இறக்கத்தின் கதையும்கூட.

2025 செப்டம்பர் 14. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டோட்டா 2 விளையாட்டின் உலக சாம்பியன்ஷிப்பான ‘தி இன்டர்நேஷனல்’ ஃபைனல். ஒருபக்கம் டீம் ஃபால்கன்ஸ். மறுபக்கம் சீனாவின் எக்ஸ்ட்ரீம் கேமிங். ஐந்து ஆட்டங்கள் வரை இழுத்த போட்டியில் 3-2 என ஃபால்கன்ஸ் வென்றது. எக்ஸ்ட்ரீம் அணியில் மற்றவர்களைவிட ஒருவருக்கு அந்தத் தோல்வி கூடுதலாக வலித்திருக்கும். அவர் பெயர் வாங் சுன்யூ. ரசிகர்களுக்கு ‘அமே’. 2018-ல் வான்கூவரில் ஃபைனல் ஆடினார். 3-2 தோல்வி. 2021-ல் புகாரெஸ்ட்டில் ஆடினார். 3-2 தோல்வி. ஹாம்பர்க்கிலும் அதே 3-2. மூன்று ஃபைனல்கள், மூன்றிலும் ஐந்தாவது ஆட்டம், மூன்றிலும் கைநழுவிய கோப்பை.

முதல் இரண்டு ஃபைனல்களிலும் அமே அணிந்திருந்தது எல்ஜிடி சட்டை. ஹாம்பர்க்கில் அந்தப் பெயரில் அணியே இல்லை. ஆனால், எல்ஜிடி பட்டறையில் வார்த்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். எக்ஸ்ட்ரீமின் ஐவரில் அமே, ஷின்கியூ, எக்ஸ்நோவா ஆகிய மூவரும் முன்னாள் எல்ஜிடிக்காரர்கள். அதே தொடரில் ஆடிய இன்னொரு சீன அணி டீம் டைட்பவுண்ட். ஷிரோ, நத்திங்டுசே, ஃபெய்த் பியன், பிளானெட், ஒய் என அதன் ஐந்து பேருமே எல்ஜிடியில் ஆடியவர்கள்!

வீட்டை விட்டுப் போனவர்கள் எல்லாம் ஊர் முழுக்க இருந்தார்கள், வீடு மட்டும் காலியாகக் கிடந்தது. இது எப்படி நடந்தது?

ஐவர் ஆட்டம்

டோட்டா தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அணிக்கு ஐந்து பேர், இரண்டு அணிகள், ஒரே வரைபடம். எதிரியின் தலைமைக் கட்டடத்தை முதலில் தகர்ப்பவர்கள் வெற்றியாளர்கள். ஒவ்வொருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஹீரோக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடுவார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே, இரு அணிகளும் மாறி மாறி ஹீரோக்களைத் தடைசெய்து, மிச்சம் இருப்பதிலிருந்து தங்களுக்கானதை எடுக்கும் ‘டிராஃப்ட்’ நடக்கும். பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்பார்கள் பழைய ஆட்டக்காரர்கள்.

வரைபடத்தில் கிடைக்கும் தங்கம்தான் ஹீரோவின் பலம். ஆனால் அது எல்லோருக்கும் போதாது. ஒரு பானைச் சோற்றை ஐந்து பேர் பங்கிட வேண்டிய வீட்டில், யார் வயிறாறச் சாப்பிடுவது, யார் கஞ்சித்தண்ணீரோடு எழுவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வதுபோல, ஐந்து இடங்களுக்கும் வரிசை உண்டு. முதலிடம் ‘கேரி’. தங்கத்தில் பெரும்பங்கு இவருக்கு. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை இவர்தான் சுமக்க வேண்டும். இரண்டாமிடம் நடுப்பாதையில் தனியாளாக மோதும் ‘மிட்’. மூன்றாமிடம் முன்னால் போய் அடி வாங்கிச் சண்டையைத் தொடங்கிவைக்கும் ‘ஆஃப்லேன்’. நான்கும் ஐந்தும் ‘சப்போர்ட்’. ஐந்தாமிடக்காரர் பல நேரம் வெறுங்கையோடு ஆடுவார். தான் செத்து கேரியைக் காப்பாற்றுவது அவர் வேலை. பெரும்பாலான அணிகளில் கேப்டனும் டிராஃப்டைத் தீர்மானிப்பவரும் சப்போர்ட் ஆட்டக்காரர்தான்.

இதனால்தான் இங்கே ஓர் ஆளை மாற்றுவது என்பது ஓர் ஆளை மாற்றுவதோடு நிற்காது. கேரி மாறினால் தங்கத்தைப் பங்கிடும் கணக்கு மாறும். கேப்டன் மாறினால் டிராஃப்ட் மாறும், சண்டைக்கு நடுவே யார் குரல் கேட்க வேண்டும் என்பது மாறும். ஒருவர் வெளியே போனால், மிச்சமிருக்கும் நால்வரும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

மிளகாய்த் தொக்கில் பிறந்த அணி

எல்ஜிடி 2009-ல் தொடங்கப்பட்டது. சீனாவின் தென்மேற்கில் உள்ள குய்சோ மாகாணம் காரத்துக்குப் பேர்போனது. அங்கே மிளகாய்த் தொக்கு தயாரிக்கும் ‘லாவ் கான் தியே’ நிறுவனம்தான் அணியின் முதல் ஸ்பான்சர். அதன் முதலெழுத்துகளே அணியின் பெயரானது. ஸ்பான்சர்கள் வந்தார்கள், போனார்கள், பெயர் நிலைத்துவிட்டது. அதைவிட நிலைத்து நின்றவர் பான் ஜியே. ‘ருரு’ என்றால்தான் சீன டோட்டா உலகில் தெரியும். ஆண்களே நிறைந்திருந்த துறையில் மேலாளராக இருந்து கிளப்பின் தலைமைக்கு உயர்ந்தவர் அவர். எத்தனை ஆட்டக்காரர்கள் மாறினாலும், பேச்சுவார்த்தை மேசையின் மறுபக்கத்தில் ருரு இருந்தார்.

2012-ல் சியாட்டிலில் இரண்டாவது தி இன்டர்நேஷனல். சியாவ் பா, சைலர், யாவ், டிடிசி, டிடி ஆகிய ஐவரோடு போன எல்ஜிடி, குரூப் சுற்றில் ஆடிய 14 ஆட்டங்களையும் வென்றது. ஒன்றுகூடத் தோற்கவில்லை. கோப்பை இவர்களுக்குத்தான் என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள். நாக் அவுட் கட்டத்தில் சக சீன அணியான இன்விக்டஸ் கேமிங்கிடம் தோற்று 3-வது இடத்தோடு திரும்பினார்கள். கோப்பையை இன்விக்டஸ் தூக்கியது. எல்ஜிடியின் தலையெழுத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்தது சோதனை முயற்சி. சீன வீட்டில் தங்கி, சீனப் பயிற்சி முறையில் ஆட மேற்கத்திய ஆட்டக்காரர்களைக் கொண்டு ‘எல்ஜிடி இன்டர்நேஷனல்’ என்ற தனி அணியை உருவாக்கினார்கள். 2013 இன்டர்நேஷனலில் ஆடிய அந்த அணி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதில் இருந்த டென்மார்க்கின் ‘மிசரி’, 2016-ல் டிஜிட்டல் கேயாஸ் அணியோடு உலக ஃபைனல் வரை போனார்.

2014-ல் விழுந்தது பெரிய அடி. எல்ஜிடியின் மூளையாக இருந்த கேப்டன் சியாவ் பா, புதிதாகத் திரட்டப்பட்ட நியூபீ அணிக்குப் போனார். அந்த ஆண்டே நியூபீ உலக சாம்பியன். பரிசாகக் கிடைத்தது 50 லட்சம் டாலருக்கும் மேல். எல்ஜிடியில் இருந்தவரை கிடைக்காத கோப்பை, சட்டையை மாற்றிய முதல் ஆண்டிலேயே கிடைத்தது. வென்ற கையோடு சியாவ் பா எல்ஜிடிக்கே திரும்பி வந்தார். 2015-ல் அவர் தலைமையில் எல்ஜிடிக்கு மீண்டும் 3-வது இடம்.

அந்த ஆண்டின் வேடிக்கை வேறு. எல்ஜிடியின் இளைஞர் அணியாக வளர்ந்து, தனியாகப் பிரிந்துபோன சிடெக், தகுதிச்சுற்றின் கடைசி வாசலான வைல்டு கார்டு வழியாக உள்ளே வந்து 2-வது இடம் பிடித்தது. தாய்வீட்டுக்கு மூன்று, பிள்ளைக்கு இரண்டு! 2017-லும் இப்படி ஒன்று நடந்தது. எல்ஜிடியின் இரண்டாவது அணியான எல்ஜிடி ஃபார்எவர் யங் 3-வது இடம் பிடித்து, முதல் அணியையே முந்தியது.

இலையுதிர்காலக் கலைப்பு

ஆண்டுதோறும் தி இன்டர்நேஷனல் முடிந்ததும் சீனாவில் ஆள் பிடிக்கும் படலம் தொடங்கிவிடும். ஏன்?

காரணம், பணத்தின் அமைப்பு. 2011-ல் முதல் தொடரின் மொத்தப் பரிசு 16 லட்சம் டாலர். 2013 முதல், ரசிகர்கள் கேமுக்குள் வாங்கும் டிஜிட்டல் தொகுப்பின் விற்பனையில் 25 சதவிகிதத்தைப் பரிசுத்தொகையில் சேர்க்கும் முறையை, டோட்டா 2-வை உருவாக்கிய வால்வ் நிறுவனம் கொண்டுவந்தது. தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2018-ல் இரண்டரைக் கோடி டாலர். 2019-ல் மூன்று கோடியே 43 லட்சம். 2021-ல் நான்கு கோடி. மற்ற தொடர்களின் பரிசெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை. ஓர் ஆண்டு முழுக்க உழைத்ததன் மதிப்பெண், பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில் சில நாள்களில் போடப்பட்டது. மதிப்பெண் குறைந்தால் அணியைக் கலைத்துவிட்டு, புது ஐவரைத் தேடுவது வழக்கமாயிற்று.

கிளப்புகள் சேர்ந்து 2011-ல் ‘ஏஸ்’ என்ற கூட்டமைப்பை அமைத்தன. இடமாற்றம், ஒப்பந்தம் ஆகியவற்றை முறைப்படுத்துவது நோக்கம். ஆனால், வென்ற அணிகள்கூடச் சிதறாமல் நிற்கவில்லை. 2016-ல் விங்ஸ் கேமிங் என்ற இளம் சீன அணி, எந்த ஹீரோவை எடுப்பார்கள் என்று எதிரிகளால் கணிக்கவே முடியாத டிராஃப்டோடு உலக சாம்பியன் ஆனது. ஓராண்டு முடிவதற்குள் கிளப்புடன் தகராறு. ஐவரும் வெளியேறினார்கள். சாம்பியன் அணி என்ற ஒன்றே இல்லாமல் போனது. அந்த ஐவரில் இருவர் ஃபெய்த் பியன், ஒய். இருவரும் பின்னாளில் எல்ஜிடி கதைக்குள் வருவார்கள்.

2012, 2014, 2016 என இரட்டைப்படை ஆண்டுகளில் எல்லாம் கோப்பை சீனாவுக்குத்தான் வந்தது. எனவே 2018 நமதே என்று சீன ரசிகர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சுமந்தது எல்ஜிடி.

வான்கூவர்: ஒட்டுப்போட்ட அணியிடம் தோல்வி

2018 ஏப்ரலில் பிரெஞ்சு கால்பந்துக் கிளப் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் எல்ஜிடியோடு கைகோத்தது. அணியின் பெயர் பி.எஸ்.ஜி. எல்ஜிடி. கேரி இடத்தில் அமே. 2016-ல் 19 வயதில் எல்ஜிடிக்கு வந்தவர். மிட் இடத்தில் முன்பு ‘மேபி’ என்றும் பிறகு ‘சோம்னஸ்’ என்றும் அறியப்பட்டவர். ஆஃப்லேனில் சாலிஸ். நான்காமிடத்தில் சீனாவின் தலைசிறந்த சப்போர்ட் என்று பெயரெடுத்த எஃப்ஒய். 2014 ஃபைனலில் வைசி கேமிங்குக்காக ஆடித் தோற்றவர். ஐந்தாமிடத்தில் மலேசியாவின் எக்ஸ்நோவா.

மலேசியர் என்பது புதிதல்ல. 2012-ல் கோப்பை வென்ற இன்விக்டஸ் அணியின் சுவானும் மலேசியர்தான். மாண்டரின் சரளமாகப் பேசும் மலேசியச் சீன இளைஞர்களுக்கு, சண்டைக்கு நடுவே ஒரு விநாடியில் சொல்லி முடிக்க வேண்டிய சொற்கள் சிக்கல் இல்லை. சீன அணிகளின் கதவு அவர்களுக்கு எப்போதும் திறந்திருந்தது.

மே மாதத்தில் இந்த ஐவர் மாஸ்கோவில் எபிசென்டர், சாங்ஷாவில் ‘மேஜர்’ என்ற பெரிய தொடர் என அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் வென்றனர். வான்கூவர் போகும்போது கணிப்புப் பட்டியலில் முன்வரிசை. ஃபைனலில் எதிரே வந்தது ஓஜி.

ஓஜியின் கதை எல்ஜிடிக்கு நேர் எதிர். போட்டிக்குச் சில மாதங்களே இருக்கையில் இரண்டு முக்கிய ஆட்டக்காரர்கள் அணியை விட்டுப் போய்விட்டார்கள். கோச்சாக இருந்த செப் மீண்டும் மவுஸைப் பிடித்தார். ஓய்வில் இருந்த அனா திரும்பி வந்தார். பெரிய மேடையே பார்க்காத ஃபின்லாந்து இளைஞர் டாப்சன் மிட் இடத்துக்கு வந்தார். சீசனுக்கு நடுவே ஆள் மாற்றியதால் நேரடி அழைப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம் என்ற திறந்த தகுதிச்சுற்றிலிருந்து ஏறி வந்தார்கள்.

முதல் ஆட்டம் ஓஜிக்கு. இரண்டும் மூன்றும் எல்ஜிடிக்கு. இன்னும் ஒன்று போதும். நான்காவது ஆட்டத்தில் எல்ஜிடியின் கை ஓங்கியிருந்தபோது, ஆக்ஸ் ஹீரோவோடு செப் நடத்திய ஒரு பாய்ச்சல் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஐந்தாவதும் ஓஜிக்கே. ஓஜிக்கு ஒரு கோடியே 12 லட்சம் டாலர், எல்ஜிடிக்கு சுமார் 41 லட்சம்.

இதிலிருந்து பலரும் ஒரு பாடம் எடுத்தார்கள்: சரியான ஐவர் என்று காகிதத்தில் எழுதுவது வேறு, மேடையில் ஒட்டிக்கொள்வது வேறு. எல்ஜிடியும் அதைப் புரிந்துகொண்டது போலத்தான் நடந்தது. தோற்ற அணியைக் கலைக்காமல் அதே ஐவரோடு இன்னோர் ஆண்டு ஆடியது. சீன வழக்கத்துக்கு இது பெரிய விஷயம். 2019 இன்டர்நேஷனல் ஷாங்காயில், சொந்த மண்ணில். இன்னும் தோற்காத அணிகள் மோதும் மேல் பிரிவின் இறுதியில் மறுபடி ஓஜியிடம் தோல்வி. ஒருமுறை தோற்றவர்களுக்கான கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, லிக்விட் அணியிடமும் தோற்று 3-வது இடம். ஓஜி இரண்டாம் முறை கோப்பை தூக்கியது, அதுவும் சீன ரசிகர்களின் கண்முன்னால்.

பொறுமை அதோடு முடிந்தது. அந்த ஐவர் கலைந்தார்கள்.

புகாரெஸ்ட்: தடைசெய்யாத ஹீரோ

2020-ல் கொரோனாவால் தி இன்டர்நேஷனல் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் சீனாவில் இரண்டு ‘சூப்பர் டீம்’கள் உருவாயின. ஒன்று, எஃப்ஒயும் சோம்னஸும் சேர்ந்த எலிஃபன்ட். மற்றொன்று புதிய எல்ஜிடி. செப்டம்பரில் இஹோம் அணியிலிருந்து நான்கு பேரை ஒரே வீச்சில் கொண்டுவந்து அமேயோடு சேர்த்தார்கள். மலேசியாவின் நத்திங்டுசே மிட், ஃபெய்த் பியன் ஆஃப்லேன், ஷின்கியூ நான்காமிடம், ஒய் ஐந்தாமிடமும் கேப்டனும். கோச் யார் தெரியுமா? சியாவ் பா! 2012-ல் கேப்டன், 2014-ல் போனவர், 2015-ல் வந்தவர், இப்போது மேசைக்குப் பின்னால் நிற்கும் ஆசான்.

தனித்தனி நட்சத்திரங்களைத் திரட்டாமல், ஏற்கெனவே பழகிய நால்வரோடு ஒரு கேரியை மட்டும் பொருத்திய கணக்கு புத்திசாலித்தனமானது. விங்ஸில் ஒன்றாக உலகக் கோப்பை வென்ற ஃபெய்த் பியனும் ஒய்யும் சேர்ந்தே இருந்தார்கள். பலன் கிடைத்தது. 2021 ஜூனில் கீவ் நகரில் நடந்த அனிமேஜர் ஃபைனலில் ஈவில் ஜீனியஸை 3-0 என வீழ்த்தினார்கள். அக்டோபரில் புகாரெஸ்ட் போனபோது, அந்த ஆண்டின் வலிமையான அணி யார் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பார்வையாளர்கள் இல்லாத அரங்கம். நான்கு கோடி டாலர் பரிசு, இ-ஸ்போர்ட்ஸ் வரலாற்றில் ஒரு தொடருக்கு அதுவரை இல்லாத தொகை. அக்டோபர் 17 ஃபைனலில் எதிரே டீம் ஸ்பிரிட். கிழக்கு ஐரோப்பிய இளைஞர்கள். கேரி யடோரோவுக்கு வயது 18. கீழ்ப் பிரிவிலிருந்து ஒவ்வோர் அணியாக வீழ்த்தி ஏறி வந்தவர்கள்.

முதல் இரண்டு ஆட்டங்கள் ஸ்பிரிட்டுக்கு. எல்ஜிடி நிதானித்து மூன்று, நான்கு என இரண்டையும் மீட்டது. ஐந்தாவது ஆட்டத்தின் டிராஃப்ட். ஸ்பிரிட்டின் ஆஃப்லேன் கொலாப்ஸ், மேக்னஸ் என்ற ஹீரோவை வைத்து அந்தத் தொடர் முழுக்க எதிரிகளைச் சூறையாடியிருந்தார். எல்ஜிடி அதைத் தடைசெய்யவில்லை. கொலாப்ஸ் எடுத்தார். சண்டைகளில் எல்ஜிடிக்காரர்களைப் பிடித்துத் தன் அணிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கோப்பையும் ஒரு கோடியே 82 லட்சம் டாலரும் ஸ்பிரிட்டுக்கு. எல்ஜிடிக்கு சுமார் 52 லட்சம். ஏன் மேக்னஸைத் தடைசெய்யவில்லை என்ற கேள்வியை சீன ரசிகர்கள் அன்று முதல் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தோல்விக்கு ஆள் மாற்றம் காரணம் அல்ல. ஐவரும் ஓராண்டுக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள். 2018-லும் ஆட்டக்காரர்களின் தரத்தில் குறை இல்லை. எல்ஜிடி இரண்டு முறையும் விழுந்தது ஒரே ஓர் ஆட்டத்தில், ஒரே ஒரு முடிவில். ஆனால் அவ்வளவு சின்ன இடைவெளிக்கு, சீன கிளப்புகள் கைவசம் வைத்திருந்த ஒரே மருந்து ஆளை மாற்றுவது.

எல்ஜிடி உடனே மாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-லும் அதே ஐவர். ரியாத் மாஸ்டர்ஸை வென்றார்கள். ஆர்லிங்டன் மேஜர் ஃபைனலில் மறுபடி ஸ்பிரிட்டிடம் தோற்றார்கள். சிங்கப்பூரில் நடந்த இன்டர்நேஷனலில் 5-6 இடத்தோடு வெளியேறினார்கள். அதன்பின் அமே ஓய்வெடுத்தார். ஃபெய்த் பியன் அப்போதைக்கு ஆட்டத்தை விட்டு விலகினார். மிஞ்சியவர்கள் நத்திங்டுசேவும் ஒய்யும் மட்டும். ஷிரோ, நியூ, பிளானெட் ஆகிய மூவரைச் சேர்த்து மறுபடி ஓர் அணி.

சியாட்டிலில் ஒரு குடும்பச் சண்டை

2023 அக்டோபர், சியாட்டில். பி.எஸ்.ஜி.யுடனான கூட்டு முடிந்து, எல்ஜிடி மீண்டும் வெறும் எல்ஜிடியாக வந்திருந்தது. அந்தத் தொடரில் அஸூர் ரே என்று இன்னொரு சீன அணி. அதன் பட்டியலைப் பாருங்கள்: லூ, சோம்னஸ், சாலிஸ், எஃப்ஒய், எக்ஸ்நோவா. வான்கூவர் ஃபைனலில் ஆடிய ஐவரில் அமேயைத் தவிர நால்வரும் ஐந்து ஆண்டு கழித்து ஒன்றுகூடியிருந்தார்கள்!

முடிவு? எல்ஜிடி 3-வது இடம், அஸூர் ரே 4-வது இடம். பழைய எல்ஜிடியும் புதிய எல்ஜிடியும் அடுத்தடுத்த படிகளில். கோப்பை மறுபடி ஸ்பிரிட்டுக்கு.

எல்ஜிடியின் ஆள் மாற்றக் கதையில் நெஞ்சில் தைப்பது இதுதான். சீன டோட்டாவில் ஆட்டக்காரர்கள் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்தார்கள். நாற்காலி புதிது, ஆள் பழையவர். அமே, ஒய், எஃப்ஒய், எக்ஸ்நோவா, சோம்னஸ், ஃபெய்த் பியன் ஆகிய இந்தப் பெயர்களை வெவ்வேறு வரிசையில் எழுதினால் பத்தாண்டு சீன டோட்டா வரலாறு வந்துவிடும். வரிசை மாறியது, புதுப் பெயர்கள் அதிகம் சேரவில்லை.

வற்றிய ஊற்று

புதுப் பெயர்கள் ஏன் வரவில்லை? இதற்குப் பதில் எல்ஜிடியின் அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறது.

முதலாவது, ஆட்டத்தின் வயது. டோட்டா கம்ப்யூட்டரில் ஆட வேண்டிய, கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடிக்கும் ஆட்டம். இன்றைய சீன இளைஞர் கையில் இருப்பது செல்போன். ‘ஹானர் ஆஃப் கிங்ஸ்’ போன்ற மொபைல் கேம்களும், கம்ப்யூட்டரில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ஸும் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. எல்ஜிடியே அந்த இரண்டிலும் அணி வைத்திருந்தது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் சீன லீகில் 2015 கோடைக்காலக் கோப்பையையும் வென்றது. கிளப் என்பது தொழில். கூட்டம் இருக்கும் பக்கம் கடை விரிக்கத்தானே செய்யும்?

இரண்டாவது, சட்டம். 2021 ஆகஸ்டில் சீன அரசு ஓர் உத்தரவு போட்டது. 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், அதுவும் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டும் ஆன்லைன் கேம் ஆடலாம். பிள்ளைகள் திரையில் மூழ்குவதைக் கண்டு கவலைப்படும் பெற்றோர் இதை வரவேற்கலாம். ஆனால், 16, 17 வயதில் பட்டை தீட்டப்பட்டு 18-ல் உலக மேடை ஏறும் துறைக்கு இது வேரில் விழுந்த வெட்டு. யடோரோ உலக சாம்பியனானது 18 வயதில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

விசித்திரம் என்னவென்றால், இதே சீனாதான் 2003-லேயே இ-ஸ்போர்ட்ஸை அதிகாரபூர்வ விளையாட்டாக அங்கீகரித்தது. 2019-ல் இ-ஸ்போர்ட்ஸ் ஆட்டக்காரர் என்பதைத் தொழில் பட்டியலில் சேர்த்தது. எல்ஜிடி குடியேறிய ஹாங்சோ நகரம், இ-ஸ்போர்ட்ஸுக்கென்றே ஒரு வட்டாரத்தை வளர்த்தது. 2023-ல் அதே ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் டோட்டா 2-ல் சீனா தங்கம் வென்றது. மேடை மின்னியது. மேடைக்கு ஆள் அனுப்பும் பாதை குறுகியது.

மூன்றாவது, பணம். தி இன்டர்நேஷனலின் பரிசை ஏற்றிவிட்ட டிஜிட்டல் தொகுப்பு முறையை 2022-க்குப் பிறகு வால்வ் மாற்றியது. 2021-ல் நான்கு கோடி டாலராக இருந்த பரிசு, 2023-ல் சுமார் 30 லட்சத்துக்கு இறங்கியது. ஆண்டு முழுக்க நடந்த புரோ சர்க்யூட் லீகும் 2023-ஓடு நிறுத்தப்பட்டது. பிராந்திய லீக் இருந்தவரை, நடுத்தர அணிக்கும் வாரம் தவறாமல் ஆட்டம் இருந்தது. புதுப் பையனை இறக்கிப் பார்க்க மேடை இருந்தது. அது போனபின், இளைஞர் அணி வைத்து வளர்ப்பது வெறும் செலவுக் கணக்காயிற்று. சிடெக், ஃபார்எவர் யங் போன்ற பட்டறைகளை நடத்திய எல்ஜிடி போன்ற கிளப்புக்கே இது கட்டுப்படியாகவில்லை என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தீர்ப்பு

எல்ஜிடியை ‘எப்போதும் தோற்பவர்கள்’ என்று கேலி செய்வது எளிது. கணக்கு வேறு சொல்கிறது. 2012, 2015, 2019, 2023-ல் 3-வது இடம். 2018, 2021-ல் 2-வது இடம். ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் வேறு, சில சமயம் ஸ்பான்சரும் வேறு. ஆட்டத்தின் விதிகளே எத்தனையோ முறை மாறிவிட்டன. 11 ஆண்டுகள் ஆள் மாற்றியும் உச்சிக்குப் பக்கத்திலேயே நின்ற கிளப்புகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோப்பையை ஒரு முறை தூக்கிய விங்ஸ் ஓராண்டுகூடத் தாங்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்ஜிடி தவறு செய்யவில்லை என்று அர்த்தமல்ல. நல்ல ஐவரைத் திரட்டத் தெரிந்த அளவுக்கு, அந்த ஐவருக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கு அது பதில் வைத்திருக்கவில்லை. அமே ஓய்வு கேட்டதும் அணியின் முதுகெலும்பே ஆட்டம் கண்டது அதனால்தான். ஆனால் இது எல்ஜிடியின் பிழை மட்டுமல்ல, சீன டோட்டா மொத்தத்தின் பிழை. இருக்கும் பத்துப் பதினைந்து நல்ல ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி அடுக்குவதையே திட்டமாக வைத்திருந்தார்கள். அடுக்கு எப்படியிருந்தாலும், செங்கல் அதேதான்.

2016-க்குப் பிறகு 2025 வரை தி இன்டர்நேஷனல் கோப்பை சீனாவுக்குப் போகவில்லை. இடையில் மூன்று ஃபைனல்களில் சீனா ஐந்தாவது ஆட்டம் வரை போனது. மூன்றிலும் எல்ஜிடியில் ஆடியவர்களே முன்னின்றார்கள். நாலு பேர் போட்டி போட்டு நாற்காலிக்கு வரும் அளவுக்கு இளைஞர்கள் மேலெழுந்தால் மட்டுமே இந்த வறட்சி தீரும். அதுவரை எந்தச் சட்டை போட்டாலும், எந்த வரிசையில் நிறுத்தினாலும், சீன ரசிகர்கள் பார்க்கப்போவது பழைய முகங்களைத்தான்.